இடிமுகிலை எடுக்கப் போனால் சாம்பல் நிற வானம்தான் கிடைக்கிறது: எங்கே பிழை விடுகிறேன்?

உப்புக்காற்று எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு ஒருவர் பாவித்த கமரா ஒன்றை 18–55 மில்லிமீற்றர் லென்ஸுடன் வாங்கினேன். ஐப்பசி பிறந்ததிலிருந்து இடிமுகிலையும் மின்னலையும் நிலக்காட்சியோடு சேர்த்து எடுக்க வேண்டும் என்ற ஆசையில் ஐந்து தடவை புறப்பட்டுப் போனேன். ஐந்து தடவையும் வீட்டுக்குக் கொண்டுவந்தது நனைந்த உடுப்பும் ஒரே சாம்பல் நிறத்தில் ஒரு கட்டுப் படங்களுந்தான்.

கடைசித் தடவை நடந்ததைச் சொன்னால் மற்ற நான்கும் விளங்கிவிடும். அன்று பிற்பகல் மூன்றரை மணியளவில் உடுப்புக் காயப்போட மொட்டைமாடிக்கு ஏறியபோது, தென்கிழக்கே, திரண்ட வெண்ணெய்போல ஒரு முகில் எழும்பி நிற்பதைக் கண்டேன். அடுத்த பத்து நிமிடத்தில் கமராவையும் முக்காலியையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பண்ணைப் பாலத்துக்குப் போய்விட்டேன், ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் வானத்தைப் படமெடுக்கிறவர்கள் எல்லோரும் அங்கேதான் நிற்கிறார்கள். சூரியன் விழும் பக்கத்தைப் பார்த்து முக்காலியை நிறுத்திவிட்டு ஒன்றரை மணிநேரம் காத்திருந்தேன். முகில் எனக்குப் பின்னால் நகரத்தின் மேலாக வந்து, வானம் முழுவதையும் பழைய அலுமினியச் சட்டியின் நிறத்துக்கு மாற்றிவிட்டு, பெய்யத் தொடங்கியது. 214 படங்கள் எடுத்திருந்தேன். அவற்றில் எது ஐந்து மணிக்கு எடுத்தது, எது ஐந்தரைக்கு எடுத்தது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. போதாததற்கு லென்ஸிலும் பனிப்புகார் படிந்துவிட்டது.

இரவு மேல்வீட்டு யன்னலால் மின்னலை எடுக்க முயன்றேன். கமராவைத் தானியங்கி முறையிலேயே வைத்து, மின்னும் நேரம் பார்த்துப் பொத்தானை அமர்த்தினேன். நாற்பது படங்களில் முப்பத்தொன்பது கறுப்பு, மற்றது வெறும் வெள்ளை. நல்ல லென்ஸ் வாங்கினால் இது சரிவருமா, அல்லது நான் செய்யும் முறையே பிழையா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பனங்கூடல் எழுதியது:

வணக்கம். காசைச் செலவழிக்காதீர்கள், பிழை கமராவிலும் இல்லை, லென்ஸிலும் இல்லை, நீங்கள் நின்ற இடத்தில் இருக்கிறது. மூன்றரை மணிக்கு மொட்டைமாடியிலிருந்து பார்த்தீர்களே, அப்போதே உங்களுடைய படம் வானத்தில் தயாராக நின்றது. நீங்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பண்ணைக்குப் போய்விட்டீர்கள்.

இடிமுகிலின் வடிவம் அதற்கு வெளியே, தொலைவில் நிற்பவருக்கு மட்டுமே தெரியும். அது தலைக்கு மேலே வந்துவிட்டால் அதன் அடிப்பாகத்தை மட்டுந்தான் பார்க்கிறோம், அடிப்பாகம் எங்கும் சாம்பல்தான். யாழ்ப்பாணத்தவர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. பங்குனி, சித்திரை மாதங்களிலும், பிறகு ஐப்பசி தொடங்கிக் கார்த்திகை நடுப்பகுதி வரையிலும், அதாவது இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலங்களில், காற்றுத் தளர்ந்திருக்கும் நாள்களில் குடாநாட்டுக்குத் தெற்கே உள்ள வன்னிப் பெருநிலம் நண்பகல்வரை வெயிலில் காய்கிறது. இரு பக்கக் கடல்களிலிருந்தும் உள்ளே வரும் ஈரக்காற்று அங்கே ஒன்றையொன்று சந்தித்து மேலே கிளம்புகிறது. இதனால் பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குக் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கோபுரம்போல முகில்கள் எழும்ப, நாங்கள் குடாநாட்டில் வெயிலில் நின்றுகொண்டு, நடுவே கடல்நீரேரியை வைத்து, மறைப்பதற்கு ஒரு மலைகூட இல்லாத தட்டையான நிலத்துக்கு மேலாக அவற்றை அடி முதல் நுனி வரை பார்க்கிறோம். கண்டியில் இருப்பவருக்கு இந்த வசதி இல்லை.

இனி ஒரு சின்னக் கணக்கு. கையை முன்னே நீட்டி, விரல்களை மடக்கிக் கைமுட்டியைப் பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. நாவற்குழியிலிருந்து முல்லைத்தீவு நேர்கோட்டில் சுமார் 90 கிலோமீற்றர். அங்கே 14 கிலோமீற்றர் உயரத்துக்கு எழும்பிய ஒரு முகில் உங்களுக்கு ஒரு கைமுட்டி உயரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தெரியும். கிளிநொச்சி அதில் பாதித் தூரந்தான், ஆகவே அதன் மேலே நிற்கும் முகில் ஒன்றரை முட்டி உயரம். உங்கள் லென்ஸை 18 இல் வைத்துப் படுக்கையாக எடுத்தால் மேலிருந்து கீழாக ஏறக்குறைய நாற்பத்தைந்து பாகை படத்துக்குள் வருகிறது, அதில் ஒரு முட்டி என்பது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மிச்சம் வெறும் வானமும் வெறும் தண்ணீருந்தான். நீங்கள் எல்லாப் படங்களையும் 18 இல் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், தொடக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். அதே லென்ஸை 55 க்குத் திருப்புங்கள். முல்லைத்தீவு முகில் படத்தின் பாதிக்கு மேல் நிறைந்துவிடும், நீங்கள் வாங்க நினைக்கும் லென்ஸ் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. கார்த்திகைத் தொடக்கத்தில் இங்கே சூரியன் ஐந்து ஐம்பது மணியளவில், நேர் மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே சாய்ந்து மறைகிறது. அந்த நேரத்தில் தென்கிழக்கே நிற்கும் முகிலுக்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழுவதால் ஒவ்வொரு மடிப்பும் ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் நிழலுமாகத் திரண்டு தெரிகிறது. நண்பகல் வெளிச்சத்தில் அதே முகில் வெள்ளைச் சீலை விரித்ததுபோல் இருக்கும். சூரியன் நிலத்தில் மறைந்ததும் கமராவைப் பைக்குள் வைத்துவிடாதீர்கள். பதினான்கு கிலோமீற்றர் உயரத்தில் இருக்கும் உச்சிக்குச் சூரியன் இன்னும் கால் மணிநேரம் வரை தெரிந்துகொண்டே இருக்கும். கீழே கடல்நீரேரி நீலமாக இருண்டுகொண்டு வர, மேலே உச்சி மட்டும் செவ்வரத்தம்பூ நிறத்தில் எரியும் அந்தக் கால் மணிநேரத்துக்காகவே நான் எத்தனையோ மாலைப் பொழுதுகளை வீணாக்கியிருக்கிறேன்.

இடங்கள் என்று கேட்டால், வன்னி முகிலுக்குச் செம்மணி வெளியும் நாவற்குழியும் போதும். வாகன வசதி இருந்தால் கேரதீவுக்குப் போங்கள், 2011 இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்துக்கு இந்தப் பக்கக் கரையில் நின்றால் பூநகரிக்கு மேலே வானம் முழுவதும் திறந்திருக்கும். வங்காள விரிகுடாவில் எழும் முகிலுக்கு மாலையில் மணற்காட்டு மணல்மேடுகள் நல்லவை: சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், முகில் முன்னால், மழைத்தாரை விழுந்தால் வானவில்லும் அந்தப் பக்கமே வரும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. ஆவணி, புரட்டாசியில் இங்கே ஒரு துளி மழையும் இல்லாமல் கிணறு அடியில் கிடக்கும் நாள்களில், இரவு எட்டு ஒன்பது மணிக்குக் காரைநகர் கசூரினா கடற்கரையில் நின்று வடக்கே பாருங்கள். தமிழ்நாட்டில் பிற்பகலில் உண்டாகி மேல்காற்றோடு கரைக்கு வரும் இடிமுகில்கள் கடலுக்கு அப்பால் சத்தமே இல்லாமல் மின்னிக்கொண்டிருக்கும். காங்கேசன்துறையிலிருந்து கோடிக்கரை ஏறக்குறைய 55 கிலோமீற்றர்தான், இடிமுழக்கம் அவ்வளவு தூரம் கேட்காது, ஆனால் வெளிச்சம் வந்துசேரும்.

பகல் படத்துக்குக் கமரா அமைப்பு எளிது. ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100 அல்லது 200, லென்ஸின் துவாரம் எஃப் 8, கமரா திருத்தாத ரோ கோப்பு. முகிலின் வெள்ளைப் பகுதி எரிந்து போய்விட்டால் அதைப் பிறகு எந்த வித்தையாலும் மீட்க முடியாது, எனவே கமரா சொல்லும் அளவிலிருந்து முக்கால் அல்லது ஒரு நிறுத்தம் (ஸ்டொப்) வெளிச்சத்தைக் குறைத்தே எடுங்கள். நிலம் இருட்டாக விழுந்தால் விழட்டும். வெள்ளைச் சமநிலையைப் பகல் வெளிச்சத்துக்கு நிலையாக வைத்துவிடுங்கள். தானியங்கியில் விட்டால் கமரா அந்தச் செம்மையைக் குறை என்று நினைத்துத் திருத்திவிடும்.

மார்கழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வடகீழ்ப் பருவக்காற்று முழுமூச்சாக இறங்கிய பிறகு வானம் நாள்கணக்கில் மூடிக் கிடக்கும், மழை பெய்யும், இடி குறைவு. அந்தக் காலத்தில் வானத்தை விட்டுவிட்டு நனைந்த தெருக்களை எடுப்பேன்.

வெளிச்சவீடு எழுதியது:

பனங்கூடல் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் முகில் தலைக்கு மேல் வந்தால் படம் முடிந்துவிட்டது என்பதைப் பருத்தித்துறைக்காரனாக ஏற்க முடியாது. தலைக்கு மேல் வருவதற்குச் சற்று முன்னர் ஒரு படம் இருக்கிறது. மழையோடு சேர்ந்து மேலிருந்து கீழே விழும் குளிர்காற்று நிலத்தில் மோதி முன்னோக்கிப் பரவும்போது, தன் முன்னால் இருக்கும் வெப்பமான ஈரக்காற்றை நெம்பித் தூக்குகிறது. அப்படித் தூக்கப்பட்ட காற்று அடிவானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுவரில் அடித்த இறாக்கைபோல ஒரு நீண்ட முகிலாகத் திரண்டு வரும். கடலின் மேலாக அது வரும்போது பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். மேற்பக்கம் அடுக்கடுக்காக இழைத்ததுபோல வழுவழுப்பாகவும் கீழ்ப்பக்கம் கிழிந்து கந்தலாகவும் இருக்கும், கந்தலுக்குப் பின்னால் மழை பச்சையும் கறுப்பும் கலந்த ஒரு திரையாக நிற்கும். அதற்கு 18 மில்லிமீற்றர்கூடப் போதாது. அந்த முகில் வருவதைக் கண்ணுக்கு முன்னர் தோல் சொல்லிவிடும்: புழுங்கிக்கொண்டிருந்த காற்று ஒரேயடியாக நின்று, பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து குளிராக முகத்தில் அடிக்கும். அதன் பிறகு உங்களுக்குச் சில நிமிடங்கள்தான் இருக்கின்றன. நான் காருக்குப் பக்கத்தில் நின்று நான்கைந்து படங்கள் எடுத்ததும் உள்ளே ஏறிவிடுவேன். மோட்டார் சைக்கிளில் வந்தவர் இந்தப் படத்தை ஆசைப்படாமல் இருப்பதே நல்லது.

நீங்கள் கேட்ட இரவு மின்னலுக்கு வருகிறேன். மின்னியதைக் கண்டபின் பொத்தானை அமர்த்தினால் கண், மூளை, விரல், கமரா என்று நான்கு இடத்தில் நேரம் போய்விடுகிறது. ஆகவே மின்னலைத் துரத்தாமல், கதவைத் திறந்து வைத்துவிட்டு அது உள்ளே வரும்வரை காத்திருக்க வேண்டும். முக்காலியில் கமராவைப் பூட்டுங்கள், மனுவல் முறையில் ஷட்டரை 15 அல்லது 20 செக்கன் திறந்து வையுங்கள், ஒரு படம் முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்கும்படி தொடர்முறையில் விட்டு, தொலைவுப் பொத்தானைப் பூட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். இருபது படத்தில் இரண்டு தேறினால் அது நல்ல இரவு.

இதில் பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. மின்னல் ஒரு கண நேரத்தில் முடிந்துவிடுவதால், ஷட்டர் ஐந்து செக்கன் திறந்திருந்தாலும் இருபது செக்கன் திறந்திருந்தாலும் அந்த மின்னற்கொடியின் பிரகாசம் மாறாது. அதை ஆள்பவை துவாரமும் ஐஎஸ்ஓவும் மட்டுமே. ஷட்டர் நேரம் ஆள்வது சுற்றியிருக்கும் நிலத்தையும் வானத்தையும் தெருவிளக்கையும். ஆகவே கொடி வெளுத்துத் தடித்துப் போனால் துவாரத்தைச் சுருக்குங்கள், நிலம் இருட்டாக இருந்தால் நேரத்தைக் கூட்டுங்கள். கடலுக்கு அப்பால் தொலைவில் மின்னும்போது எஃப் 4, ஐஎஸ்ஓ 400 இலிருந்து தொடங்குகிறேன். பத்துப் பதினைந்து கிலோமீற்றருக்குள் இருந்தால் எஃப் 8, ஐஎஸ்ஓ 100. உங்களுடைய வெள்ளைப் படம் வெளுத்ததற்கும் இதுவே காரணம், தானியங்கி இருட்டைப் பார்த்து ஐஎஸ்ஓவை உச்சிக்கு ஏற்றியிருக்கும்.

இருட்டில் கமரா தானாகக் குவியம் தேடி ஓடிக்கொண்டேயிருக்கும். அதை நிறுத்திவிட்டு, தொலைவில் தெரியும் ஒரு வெளிச்சத்தைத் திரையில் பெரிதாக்கிக் கையால் குவித்து, வளையத்தின் மேல் ஒரு துண்டு ரேப் ஒட்டிவிடுங்கள். நீண்ட நேரப் படங்களுக்கு இரைச்சல் நீக்கும் வசதி என்று ஒன்று பட்டியலில் இருக்கும், அதையும் நிறுத்துங்கள். இருபது செக்கன் படம் எடுத்தபின் இன்னொரு இருபது செக்கன் கமரா தனக்குள்ளே ஒரு இருட்டுப் படம் எடுத்துக்கொண்டிருக்கும், நல்ல மின்னல்கள் அந்த நேரத்தில்தான் வரும் என்பது என் கசப்பான அனுபவம்.

அக்காலத்து ஓவியர்கள் மின்னலை ரம்பப் பல்போல நெளித்து நெளித்து வரைந்தார்கள். 1882 இல் பிலடெல்பியாவில் வில்லியம் ஜெனிங்ஸ் என்பவர் மின்னலைப் புகைப்படத் தகட்டில் பிடித்தபோது, அது ஆறுபோலக் கிளைவிட்டு ஓடுவது தெரிந்தது. துவாரத்தைச் சரியாக வைத்தால் அந்தச் சின்னக் கிளைகள் உங்களுக்கும் கிடைக்கும்.

புவியியல் வாத்தியார் எழுதியது:

தம்பிக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். நான் கமரா பிடிப்பவன் அல்லன், முப்பது வருடம் பிள்ளைகளுக்கு முகில்களின் பெயரைப் படிப்பித்தவன். மோட்டார் சைக்கிளில் முக்காலியோடு பாலத்தில் ஒன்றரை மணிநேரம் நின்றேன் என்று நீங்கள் எழுதியதை வாசித்தபின் பேசாமல் இருக்க முடியவில்லை.

என்னுடைய அம்மம்மா மின்னினால் அர்ச்சுனனுடைய பத்துப் பெயர்களையும் சொல்லத் தொடங்குவார், இடி கேட்டதும் நிறுத்துவார். சிறுவனான நான் எத்தனையாவது பெயரில் இடி கேட்டது என்று விரலில் எண்ணுவேன். பிற்காலத்தில் வகுப்பில் ஒலியின் வேகத்தைப் படிப்பிக்கும்போது அதைத்தான் உதாரணமாகச் சொன்னேன். ஒலி ஒரு கிலோமீற்றர் வருவதற்கு ஏறக்குறைய 3 செக்கன் எடுக்கிறது. செக்கனுக்கு ஒரு பெயராகச் சொல்லிப் பத்துப் பெயரும் முடியும் நேரத்தில் இடி கேட்டால் மின்னல் மூன்று கிலோமீற்றர் சொச்சத்தில் விழுந்திருக்கிறது. அம்மம்மா அதற்கு ஆறுதல் அடைந்திருப்பார், நான் அடையமாட்டேன். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 செக்கனுக்குக் குறைவாக இருந்தால், அதாவது பத்துக் கிலோமீற்றருக்குள் வந்துவிட்டால், வெளியில் நிற்கக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் செல்லும் வரை திரும்ப வெளியே வரவும் கூடாது. மழை விழும் இடத்திலிருந்து 15 கிலோமீற்றருக்கும் அப்பால், தலைக்கு மேல் நீலவானம் இருக்கும்போதே மின்னல் விழுந்த சம்பவங்கள் உண்டு. பனங்கூடல் சொன்ன தொலைதூர முறை அழகுக்கு மட்டுமல்ல, உயிருக்கும் நல்லது.

குடாநாட்டில் மலை இல்லை என்று அவர் மகிழ்கிறார். மலை இல்லாத இடத்தில் வெட்டவெளியில் நிற்கும் மனிதனும் அவனுடைய முக்காலியுமே உயரமான பொருள்கள் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். செம்மணி வெளி, கோட்டைக் கொத்தளம், மணல்மேடு, கடல்நீரேரியில் வள்ளம், இவை எல்லாம் இடிமுழக்கம் கேட்கத் தொடங்கியதும் விட்டு விலக வேண்டிய இடங்கள். பனைமரத்தடியைப் பற்றி யாழ்ப்பாணத்தானுக்கு நான் சொல்லத் தேவையில்லை, கருகி நிற்கும் தலையற்ற பனையை எல்லோரும் ஏதாவது ஒரு வளவில் கண்டிருப்பீர்கள். இரும்புக் கூரையுள்ள கார் பாதுகாப்பானது, ஏனெனில் மின்னோட்டம் அதன் வெளிப்புற உலோகத்தால் ஓடி நிலத்துக்கு இறங்கிவிடுகிறது. ஓட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அந்தக் கவசம் இல்லை. இறப்பர்ச் செருப்புப் போட்டிருக்கிறேன் என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது, பல கிலோமீற்றர் காற்றைத் துளைத்துக்கொண்டு வந்த மின்னலுக்கு அரை அங்குல இறப்பர் ஒரு தடையா என்பதைத்தான்.

யன்னலால் எடுக்கும்போதும் இரும்புக் கம்பியைத் தொடாமல் இரண்டடி தள்ளி நில்லுங்கள். கமராவை மின்னேற்றியில் செருகியபடி பாவிக்க வேண்டாம்.

தூவானம் எழுதியது:

என்னிடம் கைத்தொலைபேசி மட்டுமே இருக்கிறது, ஆகவே அதுபற்றி மட்டும் ஒரு குறிப்பு. அதை அசையாமல் ஒரு கல்லில் சாத்தி வைத்து வீடியோவாக எடுத்து, பிறகு வேண்டிய கணத்தை ஒரு படமாகப் பிரித்தெடுக்கிறேன். சில தடவை படத்தின் பாதி வெளிச்சமாகவும் பாதி இருட்டாகவும் வெட்டுப்பட்டு வரும், அது தொலைபேசி வரிவரியாகப் படத்தை வாசிப்பதால் வருவது, பழுது அல்ல.

புறப்படுவதற்கு முன் ஹிமாவாரி என்ற ஜப்பானிய வானிலைச் செய்மதியின் படத்தைப் பார்ப்பேன், பத்து நிமிடத்துக்கு ஒன்று புதிதாக வரும். நண்பகலுக்குப் பிறகு வன்னிக்கு மேலே அரிசிப்பொரிபோல வெள்ளைப் புள்ளிகள் தோன்றினால் அன்றைக்கு வாய்ப்பு உண்டு. மழை எந்தப் பக்கம் நகர்கிறது என்று அறிய, இந்திய வானிலைத் துறை காரைக்காலில் வைத்திருக்கும் டொப்ளர் ராடார் படம் எங்களுக்கு உதவும். காரைக்கால் யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய 140 கிலோமீற்றர்தான். வளிமண்டலவியல் திணைக்களம் கடும் மின்னல் பற்றிய எச்சரிக்கை விடுத்திருந்தால் நான் வீட்டு யன்னலோடு நின்றுவிடுவேன்.

உப்புக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. வாத்தியார் ஐயா, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், இனிமேல் நான் வெளிக்கிடும்போது அவர் அதையே எனக்குத் திருப்பி வாசிப்பார் என்று நினைக்கிறேன்.

ஒன்பது நாள் கழித்து இதை எழுதுகிறேன். செய்மதிப் படத்தில் ஒரு மணிக்கே புள்ளிகளைக் கண்டு, நாலு மணிக்கு நாவற்குழிப் பக்கம் போய், லென்ஸை 55 இல் வைத்துத் தென்கிழக்கே பார்த்து நின்றேன். கையை நீட்டி முட்டியால் அளந்தேன், சரியாக ஒன்றேகால். வழியால் போன ஒருவர் நான் யாருக்கோ கைகாட்டுகிறேன் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். இடி ஒன்றுகூடக் கேட்கவில்லை. நாலரையிலிருந்து முகிலின் உச்சி கொல்லன் பட்டடைபோலத் தட்டையாகி இடமும் வலமும் நீளத் தொடங்கியது, கீழே கடல்நீரேரியில் மீன்பிடிக்கும் சிறகுவலைக் கம்புகள் வரிசையாக நின்றன, அவற்றில் ஒன்றின்மேல் ஒரு கொக்கு. ஐந்து ஐம்பத்தைந்துக்குப் பனங்கூடல் அண்ணா சொன்ன அந்த நிறம் வந்தது. 31 படங்கள் மட்டுமே எடுத்தேன், ஏழு படங்களை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு குறைகள். நல்ல படம் என்று நான் நினைக்கும் ஒன்றில் மின்கம்பி ஒன்று முகிலின் நடுவால் குறுக்கே ஓடுகிறது, எடுக்கும்போது அது என் கண்ணில் படவேயில்லை. மற்றது, லென்ஸில் மீண்டும் புகார் பிடித்தது. அன்று மழை ஒரு துளியும் இல்லை.

பனங்கூடல் எழுதியது:

கொக்கு உள்ள படத்தை முதலில் போடுங்கள், பார்ப்போம்.

புகார் பிடித்தது உங்கள் அறையின் குளிரால் இருக்கலாம். குளிரூட்டி போட்ட அறையிலோ குளிர்ந்த சீமெந்து நிலத்திலோ கிடந்த கமரா, கடல்நீரேரி ஓரத்து ஈரக்காற்றில் திறந்ததும் குளிர்ந்த செம்புபோல வியர்த்துவிடும். புறப்படுவதற்கு அரை மணிநேரத்துக்கு முன்னரே பையை மூடியபடி முற்றத்தில் நிழலில் வைத்துவிடுங்கள், பிறகு திறந்தால் பிடிக்காது. வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் கமராவின் உடம்பைத் துடைத்து உப்பை எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். பழைய கமரா என்கிறீர்கள், லென்ஸுக்குள் ரோச் அடித்துப் பாருங்கள், சிலந்திவலைபோல மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சணம், பரவுவதற்கு முன் திருத்துபவரிடம் கொடுக்க வேண்டும். சிலர் அரிசிப் பானைக்குள் வைக்கச் சொல்வார்கள், உமித்தூசு உள்ளே போனால் அது இன்னொரு செலவு.

மின்கம்பியைக் கணினியில் அழிக்கலாம், நான் அழிப்பதில்லை. நீங்கள் நின்ற இடம் எனக்கு விளங்குகிறது. அடுத்த தடவை அதே வீதியில் இருநூறு அடி தெற்கே நடந்தீர்களானால் கம்பி உங்களுக்குப் பின்னால் போய்விடும், முன்னால் தண்ணீர் மட்டுந்தான். சேறு கணுக்கால் வரை வரும், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.